மகனைக் காட்டச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் மகன் 2 வயது நிறைந்தும் 'அம்மா' என்பதைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. நிபுணரிடம் காட்டுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று வீடே இரண்டுபட்டு நின்றது. "ஆண்பிள்ளை பிந்தித்தான் கதைக்கும், தகப்பனும் அப்படித்தான்" என்றார் மாமி. அன்பால் சொன்னதுதான். ஆனாலும் எங்களைத் தெளிவுக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு சிலர். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு அவர் எழும்பவில்லை. பிஸ்கட் பேணியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் பாயில் அமர்ந்து மகனையே கவனித்தார். அவன் விரலால் சுட்டவில்லை, எங்கள் முகத்தைப் பார்க்கவுமில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பேணிப் பக்கம் இழுத்தான். "கதை பிந்துவதைவிட இதுதான் எனக்கு யோசனை, தங்கச்சி. 18 மாதத்தில் பிள்ளை சுட்டிக்காட்ட வேண்டும். 2 வயதில் இரண்டு சொல்லாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்டி, ஒன்றுமில்லை என்று வந்தால் நல்லதுதானே" என்றார். பொறுத்துப் பாருங்கள் என்றவர்கள் எதுவரை என்று சொல்லவில்லை. இவரோ எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டினார். சுகாதார வைத்திய அதிகாரியின் கடிதத்துக்கும் அவரே வழிசெய்தார்.

எங்கள் ஒழுங்கையில் உள்ள இளைப்பாறிய முன்பள்ளி ஆசிரியை ஒரு கொப்பியைத் தந்து, பிள்ளை செய்வதை உள்ளபடி எழுதச் சொன்னார். முன்பு சொன்ன சொல் எதையும் விட்டுவிட்டானா என்றும் கேட்டார். அப்படியென்றால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாதாம். நல்லவேளையாக அது இருக்கவில்லை. 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை; பாண் வண்டியின் இசைக்குப் படலைக்கு ஓடுகிறான்' என்று எழுதினோம்.

யாழ் போதனா வைத்தியசாலையின் குழந்தை நல வைத்திய நிபுணர், வெளியே அத்தனை பேர் காத்திருந்தும், அந்தக் கொப்பியை முழுவதும் வாசித்தார். பாண் வண்டி கேட்கிறதே, காதையும் ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்டோம். சில ஒலிகள் நன்றாகக் கேட்டாலும் பேச்சொலிகள் தெளிவில்லாமல் போகலாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். பரிசோதனையில் கேட்டல் சரியாக இருந்தது. என்ன குறை என்று முடிவாகும்வரை பயிற்சி காத்திருக்கத் தேவையில்லை என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பேச்சுச் சிகிச்சையாளருக்கும் மனம் நிறைந்த நன்றி. கேட்குமுன் எடுத்துக் கொடுக்காமல், கொஞ்சம் கொடுத்துவிட்டு அவன் பார்வைக்காகக் காத்திருக்கப் பழக்கினார். மகன் இப்போது சுட்டிக் காட்டுகிறான். சொற்கள் இன்னும் குறைவுதான். கிளினிக் நாள்களில் அவனோடு வரிசையில் இருப்பவர் மாமிதான்; அவருக்கும் எங்கள் நன்றி.

அயலில் இதே யோசனையோடு இருக்கும் பெற்றோர் தயங்காமல் வாருங்கள். கொப்பியைக் காட்டுகிறோம், எந்தக் கடிதத்தை எங்கே கொண்டுபோனோம் என்றும் சொல்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு தாயும் தந்தையும்,
கோண்டாவில்.