'எர்ல்கோனிக்' பதிவுகள் பகிர்வோர் கவனத்துக்கு

நண்பர்களே, 'எர்ல்கோனிக்' (பேயரசன்) ஒரு ஜெர்மன் பாடல்: இரவில் தந்தையோடு குதிரையில் போகும் பிள்ளையைப் பேயரசன் அழைக்கும் கதை. தேடலில் இதே பெயரில் இரண்டு பாடல்கள் வரும். ஜெர்மன் கவிஞர் கெதேயின் 1782 கவிதைக்கு ஷூபர்ட் 1815-இல் ஜி மைனர் ஸ்கேலில் இசையமைத்தார் (அவரது படைப்புப் பட்டியலில் எண் டி 328). அதே கவிதைக்கு கார்ல் லோவேயும் இசையமைத்திருக்கிறார். அதுவும் ஜி மைனர்தான். எனவே இசையமைப்பாளர், பாடகர், பியானோ வாசிப்பவர், ஸ்கேல், பதிவான ஆண்டு ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். குரலே இல்லாவிட்டால் அது இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் பியானோ வடிவமாக இருக்கலாம்.

ஸ்கேல் ஏன்? தாழ்ந்த குரலுக்காகப் பாடலை இறக்கிப் பாடுவது வழக்கம், தவறல்ல. ஆனால் பழைய 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டின் வேகம் பிசகினாலும் சுருதி மாறும்: 6% வேகம் கூடினால் ஏறக்குறைய அரைச் சுருதி ஏறிவிடும். குரல் மெலிந்து, அதன் அசைவு (விப்ராட்டோ) படபடவென்று கேட்டால் வேகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஷூபர்ட் பாடலின் பதிவுகளை ஒப்பிடும்போது பியானோவின் வலது கையை முதலில் கேளுங்கள். மும்மூன்றாக விழும் அந்த ஆக்டேவ்கள்தான் (ஒரே ஸ்வரம் கீழும் மேலும் சேர்ந்து ஒலிப்பது) குதிரையின் ஓட்டம். மணிக்கட்டு இறுகினால் பாதியிலேயே வேகம் தளரும். பிள்ளை "மைன் ஃபாட்டர்" (என் அப்பா) என்று அலறும் மூன்று இடங்களிலும் சுருதி படிப்படியாக ஏறும். முதல் அலறலிலேயே முழுக் குரலையும் கொட்டிவிட்டால் மூன்றாவதற்கு எதுவும் மிஞ்சாது. பேயரசனின் குரல் மென்மையாக இருக்க வேண்டும். கரகரப்பாக மிரட்டுவது எங்களுக்கு உடன்பாடில்லை. கடைசி வரியில் பியானோ நின்றுவிடும், பேச்சு போலப் பாடணும்.

வாய்ஸ் நோட்டாக அனுப்ப வேண்டாம், ஒலி நசுங்கிவிடும். இணைப்பு போதும்.