மலைச் சைக்கிளுக்குத் தடித்த கம்பளி வேண்டாம், மெல்லிய மெரினோ போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த மலைச் சைக்கிள் பயணக் கட்டுரையைப் படித்தேன். டயரின் அகலம், தலைக்கவசம், குடிநீர் எனப் பலவற்றையும் பொறுப்போடு விளக்கியிருந்த அக்கட்டுரை, உடையைப் பற்றி மட்டும், குளிருக்கு நல்ல தடிமனான கம்பளி உடை எடுத்துச் செல்லுங்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. இதை அப்படியே நம்பி ஒருவர் கடைக்குப் போனால் பணமும் வீண், பயணமும் பாழ். கம்பளி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தடிமன் வேண்டும் என்பதில்தான் மறுப்பு. மவுண்டன் பைக்குக்கும், சரளைப் பாதையிலும் தார்ச்சாலையிலும் ஓட்டும் கிராவல் பைக்குக்கும் பொருந்துவது மெல்லிய மெரினோ கம்பளி, அதாவது மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின் நுண்ணிய ரோமத்தாலான துணி. அதுவும் தோலை ஒட்டி அணியும் உடையாக, சிறிதளவு நைலான் கலந்ததாக இருக்க வேண்டும்.

நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6 டிகிரிக்கு மேல் குறையும் என்ற கணக்கில் பார்த்தால், ஒரே காலைப்பொழுதில் சுமார் 12 டிகிரி வித்தியாசத்தை உடல் தாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் சைக்கிள்காரரை வதைப்பது இந்த வித்தியாசம் அல்ல. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்க ஏறும்போது வேகம் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டரைத் தாண்டாது; காற்று மேலே படாது; முதுகுப் பைக்கு அடியில் வியர்வை ஓடையாக ஓடும். மேலே போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு வேறு பக்கமாக இறங்கத் தொடங்கினால் வேகம் 40-ஐத் தொடும். மிதிக்க வேலை இல்லாததால் உடல் சூட்டை உண்டாக்குவதும் வெகுவாகக் குறைந்துபோகும். ஈரத்துணி மட்டும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மார்கழி மாதத்து மூடுபனியில் தேயிலைத் தோட்டப் பாதைகளில் இப்படி இறங்கியவர்களுக்கு, பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போவது எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும். தடித்த ஸ்வெட்டர் இங்கே உதவாது. ஏறும்போது அதைப் போட்டிருக்க முடியாது; போட்டிருந்தால் வியர்வையில் ஊறிவிடும்; கழற்றிப் பையில் வைத்தால் பாதிப் பையை அடைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் இழையின் குணம் முக்கியமாகிறது. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக்கொண்டு விடவே விடாது. மலையில் அதை அணிந்து செல்லவே கூடாது என்பது என் கருத்து. பாலியஸ்டர் தன் எடையில் ஒரு சதவீதம் ஈரத்தைக்கூட இழைக்குள் வாங்காது. எனவே சீக்கிரம் உலரும், ஆனால் உலரும் வரை ஈரம் துணியின் மேற்பரப்பிலும் தோலிலும்தான் நிற்கும். மெரினோ இழையின் வெளிப்பரப்பு நீரை ஓரளவு விலக்கும். உட்பகுதியோ வியர்வை ஆவியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் அது தொடுவதற்கு நனைந்த துணியாகத் தோன்றாது. ஈரத்தை உறிஞ்சும்போது கம்பளி இழை சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடுகிறது. உறிஞ்சியதை மெதுவாக வெளிவிடுவதால், இறக்கத்தில் காற்று அறையும்போது உடல் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடுவதில்லை. மெல்லிய மெரினோவின் மேல், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு விண்ட்சீட்டரை இறக்கத்துக்கு முன் போட்டுக்கொண்டால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பெரும்பாலான நாட்களில் அது போதும்.

நாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று நாள் பயணமாகக் கிராவல் பைக்கில் கிளம்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பாலியஸ்டர் ஜெர்சியை ஒருநாள் போட்டாலே, மறுநாள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. துவைத்த பிறகும் அக்குள் பகுதியில் அந்த வாடை தங்கிவிடும். மெரினோவை இரவில் விடுதி அறையின் நாற்காலி மேல் விரித்துப் போட்டால் காலையில் மறுபடி அணியலாம். நன்றாக நனைந்தால் ஆட்டு வாடை லேசாக வரும் என்பதையும் மறைக்கக் கூடாது. எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

எல்லா இடத்துக்கும் மெரினோ என்று நான் சொல்லவில்லை. பங்குனி, சித்திரையில் கோவைச் சமவெளியில் ஓட்டுபவருக்கும், கடற்கரைப் புழுக்கத்தில் ஓட்டுபவருக்கும் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. வியர்வை நிற்காமல் கொட்டும் இடத்தில் மெரினோவும் நிரம்பிப் போகும். நிரம்பிய பின் உலர அது பாலியஸ்டரைவிட அதிக நேரம் எடுக்கும். அங்கே வலைபோல் நெய்த லேசான பாலியஸ்டரே மேல்.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கம்பளி குத்தும், அரிக்கும் என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, இழையின் பருமன்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில், ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைமுனைகள் தோலில் வளையாமல் குத்தி நிற்கின்றன. அதைவிட மெல்லியவை தோல் பட்டதும் வளைந்துகொடுக்கின்றன. நாம் சிறுவயதில் போர்த்திய முரட்டுக் கம்பளியின் இழை இந்த எல்லையைத் தாண்டியது. விளையாட்டு உடைகளுக்கான மெரினோ 17 முதல் 19.5 மைக்ரானுக்குள் இருக்கும். மைக்ரான் அளவைச் சொல்லாமல் மென்மையான கம்பளி என்று மட்டும் எழுதியிருக்கும் உடையை நான் தொடுவதில்லை.

அடுத்தது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. பனியன் தொழில் தெரிந்த திருப்பூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 150-ஐ ஒட்டிய எடையே நம் மலைகளில் சைக்கிள் ஓட்டுவதற்குப் போதும். இமயமலையில் மணாலியிலிருந்து லே வரையோ, ஸ்பிதியிலோ ஓட்டப்போகிறவர்கள் 200 வரை போகலாம். 250-க்கு மேற்பட்டது முகாமில் உட்கார்ந்திருக்கவும் தூங்கவும் ஏற்றது. மிதிக்கும்போது போட்டால் வேகும். குளிர் கூடினால் ஒரே தடித்த உடைக்கு மாறுவதைவிட, மெல்லிய மெரினோ இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வது நல்லது. வேண்டாதபோது ஒன்றைக் கழற்றிவிடலாம்.

100 சதவீதம் மெரினோ என்ற வாசகத்தைக் கண்டு மயங்கிவிடக் கூடாது என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கம்பளி இழை நனைந்தால் பலம் குறையும். 150 ஜி.எஸ்.எம். தூய மெரினோவை அணிந்துகொண்டு முதுகுப் பையோடு மேடு பள்ளத்தில் குதித்து ஓட்டினால், பை வார் உராயும் தோள்பட்டையிலும், பையின் அடிப்பகுதி தேய்க்கும் இடுப்புக்கு மேலேயும் முதலில் உருண்டை உருண்டையாகப் பிசிர் கட்டும். பிறகு ஊசிமுனை அளவு ஓட்டைகள் விழும். நம் காட்டோரப் பாதைகளின் இருபுறமும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி ஒருமுறை இழுத்தாலே போதும், கதை முடிந்தது. 10 முதல் 15 சதவீதம் நைலான் கலந்த துணி இதை வெகுவாகத் தாங்கும். நைலான் இழையை நடுவில் வைத்து அதைச் சுற்றி மெரினோவை நூற்ற நூலில் பின்னிய துணி இன்னும் நல்லது. தோலில் படுவது கம்பளி, இழுவையைத் தாங்குவது நைலான். 1940களின் பிற்பகுதியில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னிலை வகிப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் செயற்கை இழையைக் கலந்தபோது, பிரெஞ்சு வீரர் லூயிசோன் போபே அதை அணிய மறுத்துத் தூய கம்பளிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அமைப்பாளர்கள் இணங்க வேண்டியதாயிற்று. போபேயின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் முதுகில் பை இல்லை, அவர் பாதையில் உண்ணிச்செடியும் இல்லை.

நைலான் கலப்பை நான் ஆதரிப்பதை, எந்தக் கலப்பும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிர்காலத் தற்காலிகக் கடைகளில் மெரினோ என்று கூவி விற்கப்படும் பலவற்றில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான். உட்புறத் துணிச்சீட்டைத் திருப்பிச் சதவீதத்தைப் படிக்க வேண்டும். கம்பளி பாதிக்கும் கீழே இருந்தால் மேலே சொன்ன குணங்கள் எதையும் எதிர்பார்க்க முடியாது. 1964-இல் அறிமுகமான, கம்பளிக்குத் தரச் சான்றாக விளங்கும் உல்மார்க் முத்திரை துணியில் இருந்தால் ஓரளவு நம்பலாம்.

தையலிலும் வெட்டிலும் இரண்டு சைக்கிள்களுக்கும் வேறுபாடு உண்டு. மவுண்டன் பைக்குக்குத் தொளதொளவென்ற டி-ஷர்ட் அமைப்பு நல்லது. முழங்கைக் காப்பு அணிய இடம் இருக்கும். தோள் தையல் பை வாருக்கு நேர் கீழே வராமல் முன்புறம் தள்ளித் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு தையல் பகல் முழுவதும் தோளை அறுத்துவிடும். கிராவல் பைக்கில் மணிக்கணக்கில் குனிந்தே ஓட்டுவதால் பின்புறம் நீளமாக இருக்க வேண்டும், முன்புறம் ஜிப் வேண்டும். பின்புறப் பைகளைத்தான் கவனிக்க வேண்டும். நனைந்த மெரினோ எடையைத் தாங்காது. கைபேசி, டியூப், கடலை மிட்டாய் எல்லாவற்றையும் திணித்தால் ஜெர்சியின் பின்பகுதி தொடைவரை தொங்கும். எனவே பைப்பகுதி மட்டும் செயற்கைத் துணியால் தைத்த ஜெர்சியைத் தேடுங்கள். அல்லது சாமான்களைச் சைக்கிளில் கட்டும் பையிலேயே வைத்துவிடுங்கள்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், சாக்ஸ் என்பேன். மெரினோ பாதியும், நைலானும், இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழை சிறிதும் மீதியுமாக உள்ள சாக்ஸ், மழையில் ஷூ நனைந்த பிறகும் காலைக் கதகதப்பாக வைத்திருக்கும். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. அதன்பின் 150 ஜி.எஸ்.எம். முழுக்கை மேலுடை ஒன்று, கழுத்தையும் காதையும் மூடும் மெல்லிய குழாய்த்துணி ஒன்று. மெத்தை வைத்த கால்சட்டைக்கு மெரினோ தேவையில்லை. இருக்கையில் ஓயாமல் உராயும் இடம் அது. நைலானும் எலாஸ்டேனும் கலந்த துணியே அங்கே நிலைத்து நிற்கும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உடை முதல் துவையலிலேயே பாழாவதும் உண்டு. பட்டுப் புடவையைப் போலக் கம்பளியும் புரத இழை. பட்டைத் துவைக்கத் தெரிந்த வீட்டில் மெரினோவைத் துவைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சலவைத்தூள்கள் பலவற்றில் இரத்தக்கறை, குழம்புக்கறையை நீக்குவதற்காகப் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கறையைத் தின்னும் அவை கம்பளி இழையையும் தின்னும். கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பையோ, கிடைக்காவிட்டால் கொஞ்சம் ஷாம்புவையோ 30 டிகிரிக்கு மேற்படாத நீரில் கலந்து அலசினால் போதும். பிரஷ் போடுவதும் கல்லில் அடிப்பதும் ப்ளீச்சும் மென்மையூட்டும் திரவமும் கூடவே கூடாது. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். அதிலும் வியர்வை படிந்த கம்பளி அதற்கு விருந்து. துவைக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். மூடும் பையில் போட்டு, பக்கத்தில் அந்துருண்டை வையுங்கள்.

ஆட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைப்பதைத் தடுப்பதற்காக மெரினோ ஆட்டின் வாலடித் தோலை அறுத்து நீக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் இன்னும் இருக்கிறது. நியூசிலாந்து 2018-இல் அதைத் தடை செய்தது. அவ்வழக்கம் இல்லாத பண்ணைகளின் கம்பளி என்று அறிவிக்கும் நிறுவனங்கள் பல உள்ளன, கேட்டு வாங்கலாம்.

மெரினோ நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ உள்ளிட்ட இனங்களைக் கலந்து உருவானதுதான் நீலகிரி ஆடு. உதகையை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அது இன்றும் பேணப்படுகிறது. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ என்ற ஆட்டினம் வளர்கிறது. அந்த மந்தைகளின் ரோமத்தை வைத்து ஒரு தொழிலே நடத்திவிட முடியாது; மென்கம்பளி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் பின்னுவதும் தைப்பதும் திருப்பூருக்குக் கைவந்த கலை. நம் மலைகளுக்கு ஏற்ற 150 ஜி.எஸ்.எம். நைலான் கலப்பு மெரினோ மேலுடையை உள்நாட்டுச் சந்தைக்கென்று அங்குள்ள நிறுவனங்கள் தைத்து, மைக்ரான், ஜி.எஸ்.எம்., கலப்பின் சதவீதம் ஆகிய மூன்றையும் விலைச்சீட்டிலேயே தமிழில் அச்சிட்டு விற்க முன்வர வேண்டும். அதுவரை, இம்மூன்றையும் கடையில் கேட்டு, பதில் கிடைக்காத உடையை அங்கேயே வைத்துவிட்டு வருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சைக்கிள் ஓட்டும் வாசகர் ஒருவர்,
குன்னூர்.