பாரத்தை இறக்கிவைப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனம் நொந்து வருபவரிடம் "எல்லாவற்றையும் ஆண்டவர் பாதத்தில் வைத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது சபைகளில் பழகிப்போன ஆறுதல். ஆன்மிகக் கட்டுரைகளும், கவலையையும் பாரத்தையும் கடவுள்மேல் வைக்கச் சொல்லும் 1 பேதுரு 5:7ஐயோ சங்கீதம் 55:22ஐயோ எடுத்துக்காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. எப்படி வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் வலியை வெளிக்காட்டாமல் அடக்குவதுதான் விசுவாசம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

வேதம் அப்படி அடக்கச் சொல்லவில்லை. 13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், ஆறே வசனங்கள். முதல் இரண்டும் "எதுவரைக்கும்" என்று கடவுளையே கேட்கும் முறையீடு. அடுத்த இரண்டு வேண்டுதல். நம்பிக்கை கடைசியில்தான் வருகிறது. ஜெபிக்க வார்த்தை வராதவர்கள் இதே வரிசையில் ஒரு தாளில் எழுதலாம். ஒரு நேரத்தில் ஒரு பாரம் போதும். "என் கஷ்டமெல்லாம்" என்று பொதுவாக எழுதினால் மனம் இளகாது. யார், என்ன, எதை இழந்தேன் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். நம்பிக்கைப் பகுதி வரவில்லையென்றால் வலிந்து எழுத வேண்டாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

எல்லாப் பாரமும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். குற்றவுணர்வுக்குத் தவறை அறிக்கையிடுதலும் ஈடுசெய்தலும் தேவை. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருவதாக வரி வசூலித்த சகேயு சொன்னார் (லூக்கா 19:8). திருப்பித்தர முடிந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் அழுது ஜெபித்தாலும் அந்தப் பாரம் இறங்காது. துக்கத்தை அவசரப்படுத்தக் கூடாது. இறந்துபோன லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

மிகக் கடினமானது கசப்பு. இங்கேதான் தவறான ஆலோசனையும் அதிகம். மன்னிப்பது வேறு, மறுபடி நம்புவது வேறு. யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைப் பழிவாங்கவில்லை. ஆனாலும் அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்த பிறகே தன்னை யாரென்று வெளிப்படுத்தினார். அடிபட்டு வரும் பெண்ணிடம் "மன்னித்துவிட்டுத் திரும்பிப் போம்மா" என்று சொல்பவர்கள் ஆதியாகமத்தின் அந்த அதிகாரங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள் போலும். பழிவாங்கும் உரிமையைக் கடவுளிடம் விட்டவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தடையேதும் இல்லை.

இறக்கிவைத்தது மறுநாளே மனதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உடனே "எனக்கு விசுவாசமில்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). நினைவு வரும்போதெல்லாம் முழுக் கதையையும் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை; எழுதிவைத்த வேண்டுதலை ஒருமுறை வாசித்துவிட்டு, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்பினால் போதும்.

உடலையும் மறக்கக் கூடாது. சாவைக் கேட்டுச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. தூக்கம், அப்பம், தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. மனச்சோர்வும், தூக்கமும் பசியும் கெட்டுப்போன நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே பார்க்க வேண்டும். அதுவரை அப்படிப்பட்டவரைத் தனியே விடக் கூடாது. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்லி நிறுத்தவைப்பது ஆபத்து.

கடைசியாக, பிறர் பாரத்தைக் காதுகொடுத்துக் கேட்பவர்களுக்கு ஒன்று. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்ற கலாத்தியர் 6:2 இல்லாமல் இதெல்லாம் நடக்காது. கத்தோலிக்கர் குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காரணத்தாலும் வெளியே சொல்ல முடியாது. மற்ற சபைகளில் அப்படிப்பட்ட கட்டு பல இடங்களில் இல்லை. தனியே அழுது சொன்னது ஞாயிற்றுக்கிழமைக்குள் "ஜெபக் குறிப்பு" ஆகிவிடுகிறது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் பெயரும் விவரமும் போட்டு வாட்ஸ்அப் ஜெபக் குழுக்களில் பகிரும் வழக்கத்தைப் போதகர்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
சபை ஆலோசனைப் பணியிலுள்ள வாசகர்கள்