படத்தின் பின்பக்கம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

தாராசுரத்தில் நீ எடுத்த படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கல்குதிரையின் கழுத்தில் காலை வெயில் விழும்வரை காத்திருந்திருக்கிறாய். எனக்குத் தெரிகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று படங்களைச் சேர்த்துவைக்கும் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்சில் ஏற்ற எந்த உரிமம் போடுவது என்று கேட்டாயே, போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

ஸ்டூடியோ நடத்திய முப்பத்திரண்டு வருஷத்தில் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் குத்தாமல் ஒரு பிரிண்டும் கடையை விட்டுப் போனதில்லை. மை காய்ந்திருந்தால் வாயால் ஊதி ஊதிக் குத்துவேன், உனக்கு நினைவிருக்கும். அப்படியும், 2004 மகாமகத்தில் மொட்டைமாடியிலிருந்து எடுத்த படம் மறுவருஷக் காலண்டரில் வந்துவிட்டது. முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவன் எதிர்க் கண்ணாடியில் பார்த்தேன். இடம் வலமாக என் படம். கீழே ஏதோ அச்சகத்தின் பெயர். காசு போனது பெரிதாகத் தெரியவில்லை. பெயர் இல்லாததுதான் பல நாள் உறுத்தியது.

அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள், அதனால்தான் ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்று போட நினைக்கிறாய். அதைப் போட்டால் காமன்சில் ஏற்கமாட்டார்கள். ‘திருத்தக் கூடாது’ என்றாலும் அப்படித்தான். விலைக்கு விற்கும் பள்ளிக்கூடத் துணைநூல்காரர்கூட உன் படத்தைத் தொடத் தயங்குவார். நானாக இருந்தால், கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வரிசையில் ‘பெயர் குறிப்பிடுதல், அதே முறையில் பகிர்தல்’ உரிமம் போடுவேன். யாரும் அச்சடிக்கலாம், விற்கலாம். ஆனால் உன் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டே ஆகவேண்டும். மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் விடவேண்டும். சிசி ஜீரோ என்று ஒன்று இருக்கிறது, அதில் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு என் மனசு ஒப்பவில்லை.

என் பழைய நெகட்டிவ் பெட்டிகளையும் ஸ்கேன் பண்ணி ஏற்றலாமா என்றாய். கோயில், குளம், தேர் எல்லாம் தாராளமாக எடுத்துக்கொள். நானாகப் போய் எடுத்தவை, எடுத்த நிமிஷமே உரிமை என்னுடையது, அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. கல்யாண வீட்டுப் படங்கள் மட்டும் வேண்டாம்மா. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் உரிமையாளர் என்கிறது நம் 1957 பதிப்புரிமைச் சட்டம். கேமரா பிடித்தவன் நான்தான், ஆனாலும் அவை அவர்கள் வீட்டுச் சொத்து.

இன்னொன்று. கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கே நீ படத்தை நீக்கினாலும், அதற்குள் எடுத்துக்கொண்டவர்கள் அந்த உரிமத்தின்படி பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். அதனால்தான் கோயில் வாசலில் பூக்கட்டும் அந்த ஆயாவின் படத்தை நினைத்து எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அருமையான படம். வாயில் நாரைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார். படம் உன்னுடையதுதான், ஆனால் எங்கெங்கோ, யார் யார் விளம்பரத்திலோ போய் நிற்கப்போவது அவர் முகம். அவரிடம் கேட்டாயா?

கேட்கவில்லை என்றால் அதை மட்டும் நிறுத்தி வை. மற்றதை இன்றைக்கே ஏற்று. பொங்கலுக்கு வரும்போது இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம். அவருக்குக் கொடுக்க ஒரு பிரிண்ட் போட்டு வைக்கிறேன். பின்பக்கம் உன் பெயரை நீயே எழுது.

அன்புடன்,
அப்பா