கதவைச் சாத்திவிட்டுப் பேசிய தங்கைக்கு

மார்பகப் புற்றுநோய்க்கான ரேடியேஷன் சிகிச்சை நேற்றோடு முடிந்தது. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை, நன்றி மட்டும் சொல்ல வேண்டும்.

முதல் நன்றி, உங்களில் பலருக்கு அறிமுகமே இல்லாத ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு. நான் அவரிடம் போனது தோள்வலிக்காக. கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி முன் என்னை நிறுத்தி, "அக்கா, இன்னொரு தடவை தூக்குங்க. அக்குளை ஒட்டித் தோல் உள்ளே இழுக்குது பாருங்க. எவ்வளவு நாளா இருக்கு?" என்றார்.

நாளாகத்தான் இருந்தது. நானும் பார்த்திருந்தேன். வலி இல்லை, தொட்டுப் பார்த்தால் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. உடம்பு இளைத்ததால் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது அப்போது தெரியாது. உள்ளே வளர்வது மார்பைத் தாங்கும் நார்களைப் பிடித்து இழுக்கும்போது மேலே இப்படிக் குழி விழும் என்று டாக்டர் பிறகு படம் வரைந்து காட்டினார்.

அந்தத் தங்கை புற்றுநோய் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "ஒன்றும் இல்லாமலும் போகலாம். ஆனா காட்டாம விடாதீங்க" என்றார், அவ்வளவுதான். மறுநாள் போன் செய்து "போனீங்களா?" என்று கேட்டார். போகவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்டார். அந்த இரண்டாவது போன் வராவிட்டால் நான் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேவுக்குப் போயிருக்கவே மாட்டேன்.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியின் முடிவு வரும்வரை தூங்காமல் உடனிருந்த தோழிகள், அறுவை சிகிச்சை செய்த டாக்டர், கீமோ வார்டு செவிலியர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அண்ணி, எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுவேன். கை இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் வீட்டுப் பெண்களிடம் கூச்சப்படாமல் கேட்கப் போகிறேன். மாதவிலக்கு முடிந்த சில நாளில் கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பார்த்தாயா? குழியோ, ஆரஞ்சுத் தோல் மாதிரித் தடிப்போ தெரிகிறதா? காம்பு புதிதாக உள்வாங்கியிருக்கிறதா, ரத்தம் கசிகிறதா, அக்குளில் வீக்கம் உண்டா? மாதவிலக்கு நின்றவர்கள் மாதம் ஒரு தேதி வைத்துக்கொள்ளலாம். ஒன்று தெரிந்தாலும் நானே டாக்டரிடம் கூட்டிப் போவேன். இல்லை என்றால் அடுத்த மாதமும் கேட்பேன்.

அப்புறம், தங்கச்சி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கை பாதிக்கு மேல் எழவில்லை. பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வருகிறேன், அதே அறைக்கு.