ஜெர்மன் வராத மகனுக்கு

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. "எனக்கு மொழி மண்டையில் ஏறாதும்மா, வயதாகிவிட்டது. பாப்பாவைப் பாருங்கள், ஜெர்மனில் சண்டையே போடுகிறாள்" என்று ஜெர்மனியிலிருந்து போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். முப்பத்து நான்கில் வயதாகிவிட்டதாம்! அப்பா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

வயது ஒரு காரணம்தான். ஆனால் அதன் பிடி உச்சரிப்பில்தான் அதிகம். கனடாவில் வெர்க்கர், டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வைப் பார். இந்தியிலும் நம்மைப் போல 'ட' ஒலியும் 'த' ஒலியும் வேறுவேறு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்கிறார்கள்; ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலோருக்கு அது தெரிவதில்லை. வீட்டில் புழங்காத ஒலியைக் காது கழித்துக்கட்டிவிடுகிறது. உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்வது போன்ற அந்த ஜெர்மன் ஒலி பாப்பாவுக்கு வருவது போல உனக்கு வராமல் போகலாம். போகட்டும். அந்த ஒரு ஒலிக்காக யாரும் உன்னைத் தேர்வில் தோற்கடிக்கப் போவதில்லை.

சொல்லிலும் இலக்கணத்திலும் கதை வேறு. நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலக்காரர்கள் டச்சு கற்றதைப் பற்றி ஸ்னோ, ஹொஃப்நாகல்-ஹோலெ என்ற இருவர் 1978-இல் எழுதினார்கள். தொடக்க மாதங்களில் முன்னால் போனவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும்தான். பின்தங்கியது மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்! நாலு வயதுப் பாப்பா உன்னை முந்திவிட்டாள் என்று நீ நினைப்பதற்குக் காரணம், அவளிடம் யாரும் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசச் சொல்வதில்லை. நாளடைவில் முந்துவாள், அதில் சந்தேகமில்லை.

உன் நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பார். அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், சனி ஞாயிறில் தமிழ் நண்பர்கள். ரொட்டிக் கடையில் நீ தடுமாறினால் அந்த அம்மாளே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். பாப்பாவுக்கு அந்த வசதி இல்லை. கிண்டர்கார்டனில் ஊஞ்சல் வேண்டுமென்றால் ஜெர்மனில்தான் கேட்டாக வேண்டும். நம் மதுரைப் புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் வெளிநாட்டுப் பயணிகளிடம் அவரவர் மொழியிலேயே பேரம் பேசியதை நீயும் பார்த்திருக்கிறாய். என் வகுப்பிலோ பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்துத் தேறிய பிள்ளைகள், யாராவது ஆங்கிலத்தில் பேர் கேட்டால் வாயடைத்து நிற்பார்கள். அறிவில் யாருக்கும் குறைவில்லை. பேசியே ஆக வேண்டிய கட்டாயம்தான் வகுப்பறையில் இருந்ததில்லை.

கட்டாயம் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதே. ஹவாயில் குடியேறிய வெஸ் என்ற ஜப்பானிய ஓவியரை ஷ்மிட் என்ற ஆய்வாளர் மூன்று ஆண்டுகள் கவனித்து 1983-இல் எழுதினார். மனிதர் ஆங்கிலத்தில் கதையளப்பார், வியாபாரம் பேசுவார், நண்பர்களுக்கும் குறைவில்லை. இலக்கணம் மட்டும் ஏறக்குறைய வந்த நாளில் இருந்த இடத்திலேயே நின்றது. சொன்னது புரிந்தால் போதும் என்று இருந்துவிட்டவர் அவர். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனாலும் பின்னால் ஷ்மிட் சொன்னதுதான் சரி: காதில் விழுந்தால் மட்டும் போதாது, எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிக்கவும் வேண்டும்.

நீ வெஸ்ஸுக்கு நேர் எதிர். பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் தேறிவிட்டு, கேட்பதிலும் பேசுவதிலும் விட்டிருக்கிறாய். இது என் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. இன்னும் இலக்கணப் புத்தகம் வாங்குவது வீண் செலவு. இன்னொன்று, நீ ஜெர்மனை ஆங்கிலம் வழியாகவே படிக்கிறாய். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடுகிறது என்று புலம்பினாயே, தமிழில் அது வேறு எங்கே இருக்கிறது? ஆங்கிலக்காரன் அதற்கு அழலாம், நீ அழலாமா?

தேறாத இரண்டு பகுதிகளை மட்டும் மறுபடி எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு அறுபது போதும். படித்த வெளிநாட்டவர் வேலை செய்து வசிக்கத் தரும் நீல அட்டை வைத்திருப்பவர்களுக்கு பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை, தொடக்கநிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம் என்று நீதானே கணக்குச் சொன்னாய்? அதற்குள் உன் தெருவில் இருக்கும் பேட்மிண்டன் சங்கத்தில் சேர். இங்கே கல்லூரி அணியில் ஆடியவன்தானே! அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினால், ஜெர்மனிலேயே பேசுங்கள் என்று கேட்டுக்கொள். அவர்கள் பேசும் ஸ்வேபிய வழக்கு, அதாவது அந்த வட்டாரத்து ஜெர்மன், பாடப்புத்தகத்தில் இல்லாதது, முதலில் குழப்பும்.

மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, அவளும் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாள். அப்பளமும் சுண்டைக்காய் வற்றலும் திங்கட்கிழமை பார்சலில் அனுப்புகிறேன். பாப்பாவை ஞாயிற்றுக்கிழமை பேச வை, தமிழில்.

அன்புடன்,
அம்மா