பதினொரு படங்களுக்கும் விளக்குப் போட்டவருக்கு

அன்புள்ள அக்காக்களே, தங்கைகளே, தம்பிகளே, தோழர்களே,

நவம்பர் 20, திருநர் நினைவு நாள் மாலை வந்து கூடிய எல்லோருக்கும் வணக்கம். அதற்கு முந்தைய மூன்று வாரம் நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சூளைமேட்டு போட்டோ பிரேம் கடை அண்ணாச்சிக்கு.

நாம் இழந்த பதினொரு பேரின் படங்களைப் பிரேம் போடக் கொண்டுபோனேன். அவர்களில் சின்னவளுக்கு மட்டும் சரியான படம் இல்லை. அவள் வீட்டார் தந்தது பத்தாம் வகுப்பில் எடுத்தது, ஒட்ட வெட்டிய முடியோடு. அதன் கீழே அவள் பெயரை எழுத மனம் வரவில்லை. என் போனில் கூவாகம் திருவிழாவில் எடுத்த ஒன்று இருந்தது. பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லிகை, பக்கத்தில் நான். கம்ப்யூட்டரில் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே வந்த அண்ணாச்சி, நிறுத்திவிட்டுக் கேட்டார்: “உங்க கை அவங்க தோள்மேல இருக்கும்மா. எடுத்திரட்டுமா, இருக்கட்டுமா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்று அவரே சொல்லிவிட்டார். இப்போது அந்தப் படத்தில் அவள் தோள்மேல் நான்கு விரல்களும் இரண்டு கண்ணாடி வளையல்களும் இருக்கின்றன.

மறுநாள் போனால், படங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். பெயரைப் பார்த்து இரண்டு பேருக்கு மட்டும் பொட்டில்லாமல் விட்டிருந்தார். பதினொன்றுக்கும் மேலே சிவப்பு சீரோ வாட் பல்பு, வயரோடு. நான் கேட்கவில்லை. அதற்குக் காசும் வாங்கவில்லை. “வீட்டுல மாட்டுற படமாச்சே, விளக்கு இல்லாம எப்படி?” என்றார்.

அவருக்கு அது சாதாரண வார்த்தை. அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேர் படம் பிறந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும் அல்லவா? அதனால்தான் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி தண்ணீர் கொடுத்துவிட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

சித்திரைக்குச் சித்திரை கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வாய்விட்டு அழுகிறோம். நம்மில் ஒருத்தி போனால் மட்டும் அழ ஓர் இடம் தேட வேண்டியிருக்கிறது. படங்களில் இருந்த அண்ணன் ஒருவர், 2009 ஜூனில் சென்னையின் முதல் வானவில் பேரணிக்கு முகமூடி போட்டுக்கொண்டு வந்தவர். ஒரே பாலின உறவு குற்றமில்லை என்று சொன்ன 2018 செப்டம்பர் 6 தீர்ப்பைப் பார்க்க அவர் இல்லை, முந்தைய வருடமே போய்விட்டார். நாம் கூடிய மாலையில் அவர் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள், விளக்கு வெளிச்சத்தில். 1998இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கொல்லப்பட்ட திருநங்கை ரீட்டா ஹெஸ்டருக்காகத்தான் இந்த நினைவு நாளே தொடங்கியது. அவர் பெயரையும் நம் பெயர்களோடு சேர்த்து வாசித்தோம்.

அப்புறம், இடம் இல்லை என்று ஆகிவிட்ட கடைசி நேரத்தில் மொட்டை மாடியைத் திறந்துவிட்ட வீட்டம்மா, வழக்கறிஞர் தோழி, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நம் திருநங்கையர் ஜமாத் அம்மாக்கள், பாய் விரித்த, டீ ஊற்றிய, பறை அடித்த பிள்ளைகள், காசு வாங்காத ஆட்டோக்காரர்கள், ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த இரண்டு அம்மா அப்பாக்கள் எல்லோருக்கும் என் நன்றி. பெயர் சொல்லாமல் விட்டது நீங்கள் கேட்டுக்கொண்டதால்தான்.

ஒன்பது படங்கள் வேண்டியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டன. சின்னவள் என் வீட்டில். இன்னொரு படத்தைக் கேட்டு யாரும் வரவில்லை, அந்த அக்காவும் இங்கேதான் இருக்கிறார். நான் இருக்கும்வரை இரண்டு விளக்கையும் அணைக்க மாட்டேன். உங்களிடம் யாருடைய படமாவது போனிலேயே கிடந்தால் கொண்டுவாருங்கள், அண்ணாச்சி கடைக்குச் சேர்ந்து போவோம்.